மலை ஏன் சிறுத்துப் போகிறது?

மதுரையிலிருந்து மேலூருக்குப் பேருந்தில் போனால், ஒத்தக்கடையை நெருங்கும்போது இடதுபக்க ஜன்னலில் ஆனைமலை வந்துவிடும். துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானை. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, முதல் தடவை பார்க்கும் பிள்ளையே விரலை நீட்டி "யானை!" என்று கத்தும். அடிவாரத்தில் பாண்டியர் காலத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது, பாறையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு அது முதலில் யானை. மற்றதெல்லாம் பிறகுதான்.

கேமரா வாங்கிய புதிதில் நான் எடுக்கப் போனதும் அந்த யானையைத்தான். ஃபிலிம் காலம் அது. ஒரு கண்மாய்க்கரையில் நின்றேன். மலை வானத்தையே அடைத்துக்கொண்டு கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பத்தாறு படங்களையும் அங்கேயே முடித்தேன். பிரிண்ட் வந்தது. முக்கால் படம் வெளிறிப்போன வானம். கீழே சேறும் கோரைப்புல்லும். நடுவில் யாரோ மண் கொட்டிவிட்டுப் போனது போல ஒரு சின்ன மேடு. வலது ஓரத்தில், தலை முதல் கால்வரை தெளிவாக, ஒரு மின்கம்பம்.

பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஸ்டூடியோ அண்ணன் ஒன்றிரண்டு படங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மலையை எடுத்தியா, கரண்டு கம்பத்தை எடுத்தியா?"

சத்தியமாக அந்தக் கம்பத்தை நான் பார்க்கவே இல்லை. மலையும் அவ்வளவு சின்னதாக இல்லை. கேமரா சரியில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஏமாற்றம் எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போய்வந்து செல்போனைத் திறந்து காட்டுகிற எல்லோரும் கூடவே ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "நேர்ல பாக்கணும், இதுல சரியா வரல." நேரில் பார்த்ததற்கும் படத்தில் வந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம்.

நூறு மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று, இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கண்ணில் அது பிடிக்கும் கோணம் மூன்று பாகைகூட இல்லை. கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் நகத்தின் அகலமே ஏறக்குறைய இரண்டு பாகை. அதாவது, நம்மை மிரட்டி நிற்கும் குன்றின் உயரம் ஒன்றரைக் கட்டைவிரல். செல்போனின் முதன்மை கேமரா பெரும்பாலும் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமமானது. அது மேலும் கீழுமாக ஐம்பது பாகையை வாரிச் சுருட்டி உள்ளே போடும். அந்த ஐம்பதில் நம் குன்றுக்கு மூன்று. படத்தின் உயரத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. மீதிப் பதினேழு பங்கை வானமும் சேறும் பிரித்துக்கொள்ளும்.

நிலவுக்கும் இதே கதிதான். அதன் அகலம் அரைப் பாகை. உதிக்கும்போது தாம்பாளம் போலவும் உச்சியில் எலுமிச்சை போலவும் தெரிந்தாலும், அளந்தால் இரண்டு நேரத்திலும் அதே அரைப் பாகைதான். அடிவானத்தில் அதைப் பெரிதாக்குவது மூளை. மலைகளையும் மூளை அப்படித்தான் நடத்துகிறது: முக்கியமானதை ஊதிப் பெரிதாக்கித் தருகிறது. ஓவியர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிரான்ஸில் செசான் திரும்பத் திரும்ப வரைந்த சான்-விக்துவார் மலையை, அவர் நின்ற இடங்களைத் தேடிப்போய்ப் புகைப்படம் எடுத்து ஒப்பிட்டவர் எர்ல் லோரன். 1943-ல் வெளிவந்த அவர் புத்தகத்தில் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஓவியத்து மலை பல இடங்களில் நிஜத்தைவிடப் பெரியது. செசான் மூளை சொன்னதை வரைந்தார். லென்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கம்பத்தின் கதை வேறு. அது கண் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

நம் கண்ணுக்குள் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சின்னது. விழித்திரையின் நடுவில் ஒரு குழி. அது பிடிக்கும் அகலம், மேலே சொன்ன அதே கட்டைவிரல் நகம்தான். அதற்கு வெளியே எல்லாம் மங்கல். நொடிக்கு மூன்று முறை வாக்கில் கண் தாவித் தாவி இந்தச் சிறு துண்டுகளைப் பொறுக்குகிறது, மூளை அவற்றை ஒட்டுப்போட்டு ஒரு முழுக் காட்சியாகக் கொடுக்கிறது. எங்கே தாவுவது என்பதை ஆசையும் தேவையும் முடிவு செய்கின்றன. சோவியத் விஞ்ஞானி ஆல்ஃபிரெட் யார்பஸ் இதைக் கண்ணின் அசைவுகளையே பதிவுசெய்து காட்டினார். அவர் நூல் 1967-ல் ஆங்கிலத்தில் வந்தது. ரெப்பின் வரைந்த, எதிர்பாராத ஒருவர் வீட்டுக்குள் நுழையும் ஓவியத்தை ஒரே ஆளுக்குப் பலமுறை காட்டினார். "இவர்களுக்கு என்ன வயது?" என்று கேட்டால் பார்வை முகங்களில் மேய்ந்தது. "இந்தக் குடும்பம் வசதியானதா?" என்றால் துணிமணியிலும் மேசை நாற்காலியிலும் அலைந்தது. ஓவியம் ஒன்றே, பார்த்த பாதைகள் வேறு வேறு.

கண்மாய்க்கரையில் என் கண் மலைமேலேயே தாவிக்கொண்டிருந்தது. கம்பம் என் விழித்திரையில் விழுந்திருக்கும், மனத்தில் விழவில்லை. படத்தைப் பார்த்த அண்ணனுக்கோ என் ஆசை எதுவும் இல்லை. வெளிறிய வானத்துக்கு முன்னால் கறுப்பாக, நட்டுக்குத்தலாக நிற்கும் ஒரே பொருளுக்கு அவர் கண் நேராகப் போய்விட்டது. கண் இயல்பாகவே அப்படித்தான் போகும்: சுற்றியுள்ளதிலிருந்து வெளிச்சத்திலோ நிறத்திலோ மிகவும் மாறுபட்டு நிற்பதற்கு, கூர்மையான விளிம்புக்கு, மனித உருவத்துக்கு, எழுத்துக்கு. கடைசியாகச் சொன்னது நம் ஊர்ப் படங்களுக்கு ஒரு சாபம். எவ்வளவு அழகான வயலாக இருந்தாலும் மூலையில் ஒரு சிமெண்ட் விளம்பரச் சுவர் வந்துவிட்டால், பார்ப்பவர் முதலில் அதைத்தான் வாசிப்பார்.

ஆக, இடத்தில் நிற்கும்போது மூளை நமக்காகச் செய்துகொடுத்த வேலைகள் இரண்டு: வேண்டியதைப் பெரிதாக்கியது, வேண்டாததை அழித்தது. கேமரா இரண்டையும் செய்யாது. அந்த வேலையை நாம் காலாலும் கடிகாரத்தாலும் ஃபிரேமின் நாலு ஓரங்களாலும் செய்ய வேண்டியிருக்கிறது. கம்போசிஷன் என்று பெரிதாகப் பேசப்படுவதில் முக்கால் பங்கு இவ்வளவுதான் என்பது என் கட்சி.

காலிலிருந்து தொடங்குவோம். லென்ஸை மாற்றினால் பெர்ஸ்பெக்டிவ் மாறிவிடும் என்று கேமராக் கடையில்கூடச் சொல்வார்கள். மாறாது. பொருட்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன என்பதைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம் ஒன்றே. லென்ஸ் அதில் எவ்வளவு அகலத்தை வெட்டி எடுப்பது என்பதை மட்டும் முடிவு செய்யும்.

அதே குன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னால் பதினைந்து மீட்டர் உயரத்தில் ஒரு பனை. பனைக்கு ஐம்பது மீட்டர் தள்ளி, குன்றுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறேன். இங்கிருந்து பார்த்தால் பனை, குன்றைப்போல ஆறு மடங்கு உயரம். குன்று பனையின் முழங்காலுக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும். இப்போது 250 மீட்டர் பின்னால் நடக்கிறேன். பனை 300 மீட்டர் தூரத்துக்குப் போய் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. குன்று? அதற்கு என் 250 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. பனையும் குன்றும் இப்போது ஏறக்குறைய ஒரே உயரம். இனி டெலி லென்ஸைப் போட்டு இரண்டையும் இழுத்தால், பனைக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும். நாம் நேரில் உணர்ந்த அந்தப் பிரம்மாண்டம் வந்துவிடும். மலையைப் பெரிதாக்க மலையை நோக்கி நடப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலும் முதுகைக் காட்டி நடக்க வேண்டும்.

வைட் ஆங்கிளுக்கு இதற்கு நேரெதிர் கணக்கு. முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில் கிடக்கும் பாறையிலிருந்து ஒரே ஒரு மீட்டர் பின்வாங்கினால் பாறை பாதியாகிவிடும். பின்னால் இருக்கும் மலையில் ஒரு மாற்றமும் இராது. அதனால் வைட் லென்ஸோடு நிற்பவருக்கு அரை அடி நகர்வதும் பெரிய முடிவு. குத்துக்காலிட்டு உட்காருவதும் அப்படித்தான். நின்றபடியே, கண் உயரத்திலேயே எடுத்த வைட் ஆங்கிள் படங்கள்தான் உலகத்திலேயே அதிகம் அழிக்கப்படும் படங்களாக இருக்கும் என்று நினைக்கிறேன். நானே ஆயிரக்கணக்கில் அழித்திருக்கிறேன்.

இடம் மாறினால் ஆனைமலையே யானையாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில பக்கங்களிலிருந்து தலை, நெற்றி, துதிக்கை என்று அங்கம் அங்கமாக அமைந்துவரும். சுற்றிக்கொண்டு போனால் வெறும் பாறைச் சுவர். ஊர்க்காரர்கள் சுவரைப் பார்க்கும்போதும் யானையைத்தான் பார்ப்பார்கள், பழக்கம். கேமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அடுத்த சிக்கல் ஆழம். நம் இரு கண்களும் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இரண்டும் அனுப்பும் சற்றே வேறுபட்ட பிம்பங்களை ஒப்பிட்டு மூளை தூரத்தைக் கணிக்கிறது. இந்த வித்தை பக்கத்துப் பொருட்களுக்குத்தான் நன்றாகப் பலிக்கும். தூரத்துக்கு வேறு குறிப்புகள் வேண்டும். நடந்துபோகும்போது அருகிலுள்ளது வேகமாகவும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் நகர்வது அப்படி ஒரு குறிப்பு. கேமரா ஒற்றைக் கண்ணோடு ஆணியடித்தாற்போல நிற்கிறது, இரண்டும் போயிற்று. பனைமரம் நண்பரின் தலையிலிருந்தே முளைத்தது போன்ற படங்கள் வருவது இதனால்தான். நேரில் இரு கண்களும் பிரித்துக் கொடுத்ததைப் படம் ஒட்டிவைத்துவிடுகிறது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் கிளிக் செய்வதற்கு முன்பே இந்த விபத்து தெரிந்துவிடும். செலவில்லாத உபாயம்.

மிச்சம் இருப்பது ஒற்றைக் கண்ணுக்கும் எட்டுகிற குறிப்புகள். ஒன்றை ஒன்று மறைப்பது, தூரம் போகப் போக வரப்புகள் நெருங்குவது, புல்லும் கல்லும் பக்கத்தில் தனித்தனியாகவும் தொலைவில் பொடிப்பொடியாகவும் தெரிவது. கடைசியாகச் சொன்னதை உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1950-ல் விரிவாக எழுதினார். தரையின் இழைப்பு தொடர்ந்து பொடியாகிக்கொண்டே போனால், தரை விரிந்து போவதாக மூளை உடனே நம்பிவிடும் என்பது அவர் வாதம். நாற்று நட்ட வயல் படத்தில் நன்றாக அமைவதும், வெறும் நீல வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தட்டையாகத் தெரிவதும் இதனால்தான். வரப்பும் வாய்க்காலும் சாலையும் கண்ணை உள்ளே இழுத்துப்போகும், உண்மை. ஆனால் அவை போய்ச் சேரும் இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும். கண்ணைக் கூட்டிக்கொண்டு போய் நடுத்தெருவில் விட்டுவரும் சாலைப் படங்கள் ஏராளம்.

குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது காற்று. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை நான்கு பக்கமும் சிதறடிக்கின்றன. அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் சிதறல் நடப்பதால், 650 நானோமீட்டர் சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறும். தூரத்து மலைக்கும் நமக்கும் நடுவில் இந்தச் சிதறிய நீலம் திரைபோல விழுகிறது. மலை தூரம் போகப் போகத் திரை தடித்து, ஒவ்வொரு முகடும் முந்தியதைவிட வெளிறி நீலமாகிறது. நீலகிரி என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்த விதி தெரியாவிட்டாலும் விளைவு தெரிந்திருந்தது. லியோனார்டோ டா வின்சி இதைக் கவனித்து ஓவியம் பற்றிய குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். மதுரைச் சமவெளியில் மாசியிலும் பங்குனியிலும் கதை மாறும். தூசியும் ஈரத்துளிகளும் அளவில் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிக்கும். திரை நீலமாக இல்லாமல் சோறு வடித்த கஞ்சி நிறத்தில் தொங்கும். அந்த நாளில் தூரத்து மலையை எடுக்காமல் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தை எடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது புத்திசாலித்தனம். ஒரு நல்ல மழைக்குப் பிறகு போனால் மலை ஊருக்குள் நடந்து வந்துவிட்டது போல இருக்கும். திரை இல்லாததால் மூளை தூரத்தைக் குறைத்துக் கணக்குப் போடுகிறது.

அடுத்தது பொழுது. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே தொல்காப்பியம் முதற்பொருள் என்கிறது. நிலத்தைப் படமெடுப்பவர்கள் இதை இரண்டாவது தடவை சொல்லக் கேட்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் அச்சான புகைப்பட நூல்கள் எல்லாம் சூரியன் சாயும் "பொன்னான ஒரு மணி நேரம்" பற்றி உருகும். நம் ஊரில் அப்படி ஒரு மணி நேரம் கிடையாது. லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் அடிவானத்தைச் சாய்வாகத் தேய்த்துக்கொண்டு இறங்கும். ஆறு பாகை உயரத்திலிருந்து அடிவானம் தொட முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதுரை நிலநடுக்கோட்டுக்குப் பத்துப் பாகை வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் கிணற்றில் வாளி இறங்குவது போல நேராக இறங்கும். அதே ஆறு பாகைக்கு 25 நிமிடம் சொச்சம், அவ்வளவுதான். நூலைப் படித்துவிட்டு நிதானமாக டீ குடித்துவிட்டு முக்காலியை விரிப்பவருக்குக் கிடைப்பது இருட்டு. இடத்தை முந்தின நாளே பார்த்து, முக்காலியின் மூன்று கால்களையும் எங்கே ஊன்றுவது என்றுகூட முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

அந்த 25 நிமிடத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அடிவானத்துச் சூரியனின் ஒளி, தலைக்குமேல் இருக்கும்போது கடப்பதைப்போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலமெல்லாம் வழியிலேயே உதிர்ந்து செம்பொன் மட்டும் வந்து சேரும். நிறத்தைவிட எனக்கு நிழல் முக்கியம். சூரியன் ஆறு பாகையில் இருக்கும்போது ஒரு மீட்டர் உயரப் பொருளுக்கு ஒன்பதரை மீட்டர் நிழல். உச்சி வெயிலில் தட்டையாகக் கிடந்த பாறைமேல் இப்போது ஒவ்வொரு விரிசலும் மடிப்பும் எழுந்து நிற்கும். ஆனைமலைக்குத் தோல் வந்துவிடும்.

வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் மாதத்துக்கு மாதம் மாறும். மதுரையில் ஆனிக்கும் மார்கழிக்கும் இடையில் சூரியன் மறையும் இடம் அடிவானத்தில் 47 பாகை நகர்ந்துவிடுகிறது. நீட்டிய கையில் மூடிய முஷ்டி பத்துப் பாகை என்றால், கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி. நான் வழக்கமாக நிற்கும் கரையிலிருந்து பார்த்தால் ஆனி மாலையில் சூரியன் மலைப்பக்கமே சாய்ந்து, யானை வெறும் கறுப்பு உருவமாகிவிடும். மார்கழியில் இடதுபுறத்திலிருந்து பக்கவாட்டு வெயில் வழிந்து வரும். ஒரே இடம், ஒரே லென்ஸ், இரண்டு வேறு யானைகள்.

இவ்வளவு எழுதிவிட்டு "மூன்றில் ஒரு பங்கு விதி"யைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் வாசகர்கள் விடமாட்டார்கள். ஃபிரேமைக் குறுக்கும் நெடுக்கும் மூன்றாகப் பிரித்து, கோட்டிலோ கோடுகள் வெட்டும் புள்ளியிலோ முக்கியமானதை வை என்பது விதி. செல்போனிலேயே அந்தக் கட்டம் வந்துவிட்டது. இதை முதலில் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், 1797-ல், கிராமப்புறக் காட்சிகளை வரைவது பற்றிய தன் நூலில். கேமரா பிறப்பதற்கு முன்னால். கண்ணியலோ சோதனையோ அவரிடம் இல்லை, ரசனைதான் இருந்தது. பொன்விகிதம் பற்றியும் பலர் சத்தியம் செய்வார்கள். ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் 1876-ல் பல செவ்வகங்களைக் காட்டி எது அழகு என்று கேட்டதில் பொன்விகிதச் செவ்வகம்தான் முந்தியது. பின்னால் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு முடிவு ஒரே மாதிரி வரவில்லை.

விதி பயனற்றது என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் நட்டநடுவில் வைக்கும் கையை அது கொஞ்சம் நகர்த்துகிறது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கில் மின்கம்பத்தை வைத்தாலும் அது மின்கம்பம்தான்.

இந்த விதியை மீறிய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஆன்சல் ஆடம்ஸ் எடுத்தது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். மாலையில் காரில் திரும்பிக்கொண்டிருந்தவர், சாலையோரத்தில் அந்தக் காட்சியைக் கண்டு வண்டியை நிறுத்தினார். கிழக்கே நிலவு ஏறியிருந்தது. மேற்கே சூரியன் மறையப் போகிறது. அதன் கடைசி வெளிச்சம் ஊர்க் கல்லறையின் வெள்ளைச் சிலுவைகள்மேல் விழுந்திருந்தது. பத்துக்கு எட்டு அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை அவசர அவசரமாகப் பொருத்தினார். லைட் மீட்டரைக் காணவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மட்டும் நினைவில் இருந்தது. அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகள்மேல் இருந்த வெயில் போய்விட்டது.

எந்த ஆண்டில் எடுத்தோம் என்பதே ஆடம்ஸுக்கு உறுதியாக நினைவில்லை, வேறு வேறு ஆண்டுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நிலவின் இடத்தை வைத்து வானியலாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். டென்னிஸ் டி சிக்கோ 1991-ல் போட்ட கணக்குப்படி அது 1941 நவம்பர் 1, மாலை 4.49. ஒரு நிலக்காட்சிப் படத்தில் பொழுது எவ்வளவு துல்லியமாக உறைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்தப் படத்தில் பாதிக்கு மேல் கறுத்த வானம். ஊர் கீழே ஒரு பட்டையாகக் கிடக்கிறது. நிலவு சின்னஞ்சிறியது, பெரிதாக்க அவர் முயலவே இல்லை. அவ்வளவு இருட்டுக்கு நடுவில் அந்தச் சிறு வெள்ளை வட்டத்துக்குப் போன கண், அடுத்து அதே வெண்மையைத் தேடிச் சிலுவைகளுக்கு இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் வானம் அன்று அவ்வளவு கறுப்பில்லை. ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வெளிறிய வானமும் மேகக் கீற்றுகளும் தெரியும். பிந்திய ஆண்டுகளில் இருட்டறையில் வானத்துக்குக் கூடுதல் ஒளி கொடுத்துக் கொடுத்துக் கறுப்பாக்கினார். 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் நனைத்து ஊரை எடுப்பாக்கினார். கம்பத்தை அழித்த என் மூளையின் வேலையை அவர் முப்பது வருடம் கையால் செய்துகொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பெரிய கேமராக்காரர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அந்தக் கேமராவின் பின்னால் உள்ள மங்கல் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். தலைகீழாக இருப்பதால் மலை மலையாகத் தெரியாது, ஒரு கருந்திட்டாகத் தெரியும். எந்தத் திட்டு பெரிது, எது ஓரத்தை முட்டுகிறது, எங்கே வெளிச்சம் துருத்துகிறது என்பது உடனே பிடிபடும். ஆசைப்பட்டுப் பார்ப்பதிலிருந்து கண்ணை அவிழ்த்துவிடும் உத்தி அது. செல்போனில் எடுத்த படத்தையும் திருப்பிப் பிடித்துப் பார்க்கலாம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் இதேதான் நடக்கும். நுணுக்கம் எல்லாம் போய்த் திட்டுகள் மட்டும் மிஞ்சும்.

போன மார்கழியில் மறுபடியும் அந்தக் கண்மாய்க்குப் போனேன். நல்ல மழை பெய்த வருடம், கண்மாயில் கரைமுட்டத் தண்ணீர். நீரில் யானை விழுவதை எடுக்க ஆசை. நின்றபடி பார்த்தபோது ஒரு வேடிக்கை. எதிர்க்கரையில் மூன்று மீட்டர் உயரக் கருவேலப் புதர்கள். நேரில் அவை மலையின் அடியைக் கொஞ்சம்தான் மறைத்தன. நீரிலோ மலையில் பாதியைத் தின்றுவிட்டன. பிம்பம் என்பது காட்சியின் நகல் இல்லை. நீர்மட்டத்துக்கு மேலே ஒன்றரை மீட்டரில் இருக்கும் கண்ணுக்கு, நீருக்குள் தெரிவது ஒன்றரை மீட்டர் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும் காட்சி. கீழே இருந்து பார்த்தால் பக்கத்துப் புதர் உயர்ந்துவிடும். எதிர்க்கரை 200 மீட்டர், மலைக்கு முன்பு சொன்ன குன்றின் உயரமும் தூரமும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நேரில் மலையின் ஆறேழில் ஒரு பங்கை மறைக்கும் புதர் நீரில் பாதியை நெருங்கி மறைக்கும். கேமராவை நீரிலிருந்து இருபது சென்டிமீட்டருக்கு இறக்கினால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகும்.

இறக்கினால் இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீர், செங்குத்தாகத் தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போய்விடும். ஒளி சாயச் சாயத் திருப்பி அனுப்புவது கூடும். மேற்பரப்போடு பத்துப் பாகையில் வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பும். இன்னும் படிந்து வந்தால் நீர் கண்ணாடியாகவே ஆகிவிடும்.

சேற்றில் துண்டை விரித்துக் குப்புறப் படுத்தேன். தோளுக்கு மேலே மேயப்போன எருமைகள் திரும்பிக்கொண்டிருந்தன, மாட்டுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து "என்ன அண்ணே, கீழ விழுந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். மேலே வானத்தைக் கொஞ்சமாக வெட்டினேன், அதில் ஒன்றும் இல்லை. மின்கம்பத்தை இந்த முறை மறக்கவில்லை. பத்தடி இடதுபுறம் நகர்ந்ததில் அது ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டது. அடிவானம் சரியாக நடுவில். விதிக்கு எதிர்தான், ஆனால் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு யானைகள் இருக்கும்போது யாருக்குக் குறைத்துக் கொடுப்பது? காற்று அடங்கும்வரை காத்திருந்தேன். வெயில் பாறையின் மடிப்புகளில் தங்கியிருந்தது ஏழெட்டு நிமிடம். எடுத்தேன்.

ஸ்டூடியோ அண்ணன் கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செல்போனை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்.

"நல்லாருக்கு தம்பி. இந்த மூலையில பச்சையா மிதக்குதே, அது என்ன, குடமா?"

வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் குடம்தான்.